மெரினாக் குதிரை திரும்புமிடம்: ஓர் ஆய்வு

சென்னை மெரினா கடற்கரையில் காசு கொடுத்து ஏறும் குதிரை, ஏறியவர் யாராக இருந்தாலும், எவ்வளவு கொடுத்திருந்தாலும், கடிவாளத்தை எந்தப் பக்கம் இழுத்தாலும், ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் தானாகத் திரும்பிவிடுகிறது. அந்த இடத்தில் கல் நட்டிருக்கவில்லை, கொடி கட்டியிருக்கவில்லை, மாநகராட்சிப் பலகை எதுவும் இல்லை. அந்த மணலுக்கும் பக்கத்து மணலுக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க மனிதக் கண்ணால் முடியாது. குதிரைக்குத் தெரிகிறது. நிற்கிறது, தலையை ஓர் ஆட்டு ஆட்டுகிறது, திரும்புகிறது. போகும்போது ஏதோ கடனுக்கு நடந்த அதே பிராணி, வரும்போது பந்தியில் கடைசி இலை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டவர் மாதிரி வருகிறது.

குதிரையைப் பற்றித் தமிழில் எழுதாமல் விட்டது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். பரி, புரவி, மா, இவுளி, கலிமா என்று பெயர்களை அடுக்கியே பக்கங்களை நிரப்பியிருக்கிறார்கள். அய்யனார் கோயில் மண் குதிரைக்கு ஆய்வு உண்டு. மண்டபத் தூணில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கல் குதிரைக்கு ஆய்வு உண்டு. உயிரோடு ஒரு குதிரை நம் கண் முன்னாலேயே, நாம் கொடுத்த காசிலேயே திரும்புகிறது. ஏன் என்று கேட்க ஒரு துறைத்தலைவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இது அற்ப விஷயம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் காட்டுகிறேன். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்ற கேள்வி அமெரிக்காவில் பெரிய மனிதர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர், ரயில் முதலாளி லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு காசைக் கொட்டினார். எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878இல் பாலோ ஆல்டோவில் கேமராக்களை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார். எழும்புகிறது என்று தெரிந்தது. அதுவும், ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வரைந்துவந்தபடி கால்களை முன்னும் பின்னும் நீட்டிய நிலையில் அல்ல. நான்கையும் வயிற்றுக்கடியில் சேர்த்து மடக்கிய நிலையில். சினிமாவுக்கே அது ஒரு வித்தாயிற்று என்பார்கள். ஓடும் குதிரைக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. திரும்பும் குதிரை இன்னும் காத்திருக்கிறது.

ஆய்வின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நெறியாளர்கள் முதலில் கேட்பது அதைத்தான். வடக்கே உழைப்பாளர் சிலை, தெற்கே கலங்கரை விளக்கம், கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பஜ்ஜிக் கடைகள். காலம், மாலை வெயில் தாழ்ந்த பிறகு. அதற்கு முன் போய்ப் பயனில்லை, குதிரை தூங்கிக்கொண்டிருக்கும். நின்றபடியேதான். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும்படி தசைநார்கள் அமைந்திருப்பதால் அதற்கு விழுந்துவிடும் பயமில்லை. மூடிக் கிடக்கும் கடையின் நிழலில், ஒரு பின்னங்காலைத் தளர்த்திக் குளம்பு நுனியை மட்டும் மணலில் ஊன்றி, கீழுதடு தொங்க, இமை பாதி மூடி நிற்கும். “பாவம்டி, சோகமா இருக்கு” என்று கல்லூரிப் பெண்கள் சொல்லிக்கொண்டு போவார்கள். சோகமில்லை, மதியத் தூக்கம். ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் குதிரை படுத்தாக வேண்டும். அதற்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் காரியம் முடிந்துவிடும். படுக்கை வாங்கத் தவணை கட்டும் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று போகலாம்.

இனி மூலபாடம். குதிரை திரும்புவது பற்றி நமக்குக் கிடைக்கும் மிகத் தொன்மையான சான்று, ஏறப் பயப்படும் வாடிக்கையாளரிடம் குதிரைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் சூத்திரம்: “பயப்படாத சார், அது பாட்டுக்குப் போவும், அது பாட்டுக்கு வரும்.” இதற்கு உரை வருமாறு. ‘அது’ என்றது குதிரையை. ‘பாட்டுக்கு’ என்றது ஏறியவர் ஏவலின்றித் தன் போக்கில் என்றவாறு. அதனையே இருகால் கூறியது, போக்கிலும் வரவிலும் ஏறியவருக்கு வேலை யாதொன்றும் இல்லை என்பது தோன்ற. ‘போவும்’ என்பதை முன்வைத்தமையால் போதலின்றி வருதல் இல்லை என்பது பெற்றாம். எவ்வளவு தூரம் போகும் என்பது கூறாது விட்டமையின், அது கூறுவார் குறிப்புக்கு ஏற்ப வேறுபடும் என்க. ‘சார்’ என்பது அசைநிலை என்பாரும் உளர். அஃது உரையன்று, காசு வைத்திருப்பாரை நோக்கிய விளியென்று கொள்க.

சூத்திரம் இவ்வளவு தெளிவாக இருந்தும், திரும்புவதன் காரணம் பற்றிக் கடற்கரையில் பல கட்சிகள் உண்டு.

பெரும்பான்மைக் கட்சி பழக்கக் கட்சி. தினமும் அங்கேயே திரும்பித் திரும்பி அதற்குப் பழகிவிட்டது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது இவர்கள் வாதம். ஜட்கா வண்டியைச் சான்று காட்டுவார்கள். வண்டிக்காரர் வாரைப் பிடித்தபடியே தூங்கிப்போனாலும் குதிரை தெரு தெருவாகத் திரும்பி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்று ஜட்கா ஓடிய காலத்துப் பெரியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பழனியில் குதிரை வண்டி ஏறியவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள். வழி, ஆள், அடி, அன்பு எதையும் குதிரை லேசில் மறப்பதில்லை என்பது உண்மை. ஒரு முறை பிளாஸ்டிக் பை பறந்து முகத்தில் மோதிய இடத்தில், பிறகு பல நாள் காதை விறைத்துக்கொண்டுதான் கடந்து போகும்.

ஆனால் பழக்கக் கட்சி ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. திரும்புமிடம் ஏன் நகர்கிறது? செவ்வாய்க்கிழமை ஆளரவமில்லாத மாலையில் குதிரை வெகுதூரம் போகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூரம் பாதியாகச் சுருங்குகிறது. காணும் பொங்கலன்று, மாநகரமே மணலில் வந்து உட்கார்ந்திருக்கும்போது, திரும்புமிடம் ஏறுமிடத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அன்று சிலருக்கு ஏறுவது, திரும்புவது, இறங்குவது மூன்றும் ஒரே வினை. குதிரைக்கு நாட்காட்டி தெரியும் என்று வைத்துக்கொண்டாலொழிய, பழக்கம் என்று சொல்லி இதைத் தாண்டிவிட முடியாது.

அடுத்தது வரலாற்றுக் கட்சி. இதைச் சொல்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார், கையில் சுண்டல் பொட்டலம் இருக்கும். அவர் வாதம் கேட்க இனிமையானது. தமிழ்நாட்டுக்குக் குதிரை கடல் வழியாக வந்த சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரைகள் இங்கே வாங்கப்பட்டன என்றும், ஆண்டு முடிவதற்குள் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை. வைத்தியம் தெரிந்தவரை வணிகர்கள் வரவிடுவதும் இல்லை, குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம். போதாததற்குச் சோற்றோடு இறைச்சியைக் கலந்து வேகவைத்துப் போட்டார்களாம். புல் தின்னப் பிறந்த பிராணிக்குக் கறிச்சோறு. விருந்தாளியைக் கொல்லும் அளவுக்கு உபசரிக்கும் நம் பழக்கத்துக்கு இது பழைய ஆதாரம். ஆகவே, என்று ஆசிரியர் முடிக்கிறார், கடலைக் கண்டதும் குதிரைக்கு முன்னோர் நாடு நினைவுக்கு வருகிறது, அந்த ஏக்கத்தில் அரேபியாவை நோக்கித் திரும்புகிறது.

அரேபியா மேற்கே இருக்கிறது. அலையோரமாகத் தெற்கே போகும் குதிரை வலப்பக்கமாகத் திரும்பினால் ஒரு கணம் மேற்கைப் பார்க்கும், சரி. இடப்பக்கமாகத் திரும்பும் குதிரைகளும் இருக்கின்றன. அவை ஒரு கணம் பார்ப்பது அந்தமான் திசையை. தவிரவும், இன்றைய மெரினாக் குதிரைக்கு அரேபியாவைவிட அந்தியூர் பக்கம். இந்தக் கட்சியை இதோடு விட்டுவிடலாம்.

அந்தியூர் என்றதும் சுழிக் கட்சி நினைவுக்கு வருகிறது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குக் குதிரைகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். வாங்க வருபவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். முன்பற்களில் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பது இரண்டரை வயதில் நடுவிலிருந்து தொடங்கி நாலரை வயதில் ஓரத்தில் முடிகிறது. ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்கப்புறம் தேய்மானத்தை வைத்துத்தான் கணக்கு, தரகர் சொல்லும் வயதுக்கும் பல் சொல்லும் வயதுக்கும் அங்கேதான் தகராறு ஆரம்பிக்கும். பல் முடிந்ததும் சுழி. நெற்றியில், கழுத்தில், மார்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைக் கையால் தடவிப் பார்த்து, இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்பார்கள். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகமே அச்சிட்டிருக்கும்போது, சுழியை லேசாகத் தள்ளிவிட முடியாது. எனினும் ‘பாதி வழியில் திரும்பும் சுழி’ என்று ஒன்றைச் சந்தையில் யாரும் எனக்குத் தொட்டுக் காட்டவில்லை. அப்படி ஒன்று இருந்தால் அந்தக் குதிரையை மெரினாக்காரர் முதல் விலைக்கே பிடித்துக்கொண்டு போயிருப்பார்.

குணக் கட்சியை நான் மதிப்பதில்லை. குதிரை என்றாலே சண்டித்தனம், அதன் குணம் அறிந்துதான் ஆண்டவன் கொம்பு வைக்கவில்லை என்று பழமொழியோடு வருவார்கள். சண்டிக் குதிரை நிற்கும், பின்னால் போகும், படுத்துக்கூடக் கொள்ளும். ஒழுங்காகத் திரும்பி, ஒழுங்காக வந்து, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுவதைச் சண்டித்தனம் என்று சொல்பவர்கள் ஷேர் ஆட்டோவில் போனதில்லை.

இந்தக் கட்சிகள் எல்லாமே முதுகில் உட்கார்ந்திருப்பவரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டன. அவரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

குதிரைக்கு இரண்டு கண்ணும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகை பார்த்துவிடும். தெரியாத இடங்கள் சொற்பம்: நேர் பின்னால் வாலுக்கு அப்பால் கொஞ்சம், நெற்றிக்கும் மூக்குக்கும் முன்னால் கொஞ்சம். ஜட்காக் குதிரைக்குக் கண்பட்டை கட்டியது இதனால்தான், இல்லாவிட்டால் பின்னால் வரும் பஸ்ஸும் அதன் சொந்த விவகாரம் ஆகிவிடும். தோலோ அதைவிட நுட்பம். முதுகில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால், அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டிவிடும். ஈயின் கனத்தை உணரும் முதுகு, எண்பது கிலோ அப்பாவின் கனத்தை உணராதா? அவர் பயந்து தொடையை இறுக்குவது, மனைவியின் செல்போனுக்குச் சிரிப்பதற்காக இடப்பக்கம் சாய்வது, உள்ளுக்குள் “இறங்கிடலாமா” என்று மூச்சைப் பிடிப்பது எல்லாம் அதற்குப் போய்ச் சேர்கிறது.

சேர்ந்து என்ன பயன்? அவர் சொல்வது ஒன்றும் அதற்குப் புரியாது. குதிரையேற்றத்தில் பாலபாடம் இரண்டு வரிதான்: கால் அழுத்தினால் போ, வார் இழுத்தால் நில். பயிற்சிப் பள்ளியில் முதல் நாளே குதிகாலைக் கீழே இறக்கு, அங்கவடியில் முன்பாதத்தை மட்டும் வை, குதிரையின் கழுத்தைப் பார்க்காதே, எதிரே பார் என்று கத்துவார்கள். மெரினாவில் ஏறுபவர் சினிமாவில் பயின்றவர். குதிகாலால் விலாவில் உதைத்து “ஹை, ஹை” என்பார். குதிரை ஓரடி எடுத்து வைத்ததும் பயந்து வாரை மார்பு வரை இழுப்பார். போ என்றும் நில் என்றும் ஒரே மூச்சில் இரண்டு உத்தரவு. கழித்துப் பார்த்தால் மிச்சம் பூஜ்யம். குதிரை அதன் பாட்டுக்குப் போகிறது.

வேட்டி கட்டியவர் நிலைமை தனி. குதிரையின் இடப்பக்கம் நின்று ஏறுவது உலக வழக்கம். இடுப்பில் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்து வீரர்கள், அது காலில் சிக்காமல் வலக்காலை வீசிப் போட அந்தப் பக்கம்தான் வசதியாக இருந்ததாம். வாளுக்கு வழி சொன்ன மரபு வேட்டிக்கு வழி சொல்லவில்லை. மடித்துக் கட்டினால் சேணத்தின் ஜரிகை வெல்வெட்டுக்கும் வெறுந்தொடைக்கும் இடையே உப்பு மணல் அரைக்கிறது. இறக்கிக் கட்டினால் வலக்கால் எழும்புவதே இல்லை. கடைசியில் குதிரைக்காரத் தம்பி “கைய குடு அண்ணே” என்று ஒரு பக்கம் தூக்க, மச்சான் மறுபக்கம் இழுக்க, குதிரை இவை அனைத்தையும் அந்த 350 பாகையில் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அதன் பொறுமைக்கு எந்த நூலும் போதிய இடம் ஒதுக்கவில்லை.

ஆகக் குதிரை கேட்பது ஏறியவர் பேச்சை அல்ல. அப்படியானால் யார் பேச்சை?

இந்த இடத்தில் ஆய்வு பெர்லினுக்குப் போகிறது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹான்ஸ் என்ற தன் குதிரைக்குக் கூட்டல், கழித்தல், வகுத்தல் கற்றுக்கொடுத்தார். எட்டில் மூன்று போனால் எத்தனை என்றால் குளம்பால் ஐந்து தட்டும். ஊர் திரண்டது. 1904இல் அறிஞர் குழு ஒன்று பரிசோதித்து, ஏமாற்று எதுவும் இல்லை என்று சான்று கொடுத்தது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளைஞர் பொறுமையாக உட்கார்ந்து ஆராய்ந்து 1907இல் முடிவை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. கேட்பவர் கண்ணில் படாவிட்டாலும் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவர் உடம்பு தன்னையறியாமல் தளர்கிறது, தலை ஓர் இம்மி நிமிர்கிறது. ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடுகிறது. குதிரைக்குக் கணக்கு வராது, வாத்தியார் வரும். நம் பிள்ளைகள் பலர் தேர்ச்சி பெற்றதும் இம்முறையில்தான் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.

இந்த வெளிச்சத்தில் மெரினாவுக்குத் திரும்பினால், பார்க்க வேண்டியது குதிரையையும் அல்ல, ஏறியவரையும் அல்ல, கயிறு பிடித்து நடப்பவரை. அவர் குதிரையின் இடது தோளோரமாக நடக்கிறார். வெறுங்கால், முழங்கால் வரை சுருட்டிய பேன்ட். நாக்கை மேலண்ணத்தில் தட்டி “ட்ளொக், ட்ளொக்” என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வருகிறார், குதிரையின் காது ஒன்று சதா அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார், ஏறுமிடத்தில் அடுத்த ஆள் நிற்கிறாரா என்று. நாக்குச் சத்தம் நிற்கிறது. இரண்டு காதுகளும் அவர் பக்கம் வருகின்றன. குதிரை திரும்பிவிட்டது. அவர் கயிற்றை இழுக்கவில்லை, திரும்பு என்று சொல்லவில்லை. கேட்டால், “நான் ஒண்ணும் பண்ல சார், அதுக்கே தெரியும்” என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்வார். பொய்யில்லை. பெர்லின் வாத்தியாரும் அதைத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தூரம் சுருங்கும் புதிர் இதோடு அவிழ்கிறது. கூட்டம் அதிகமென்றால் பின்னால் பார்ப்பது சீக்கிரம் நடக்கிறது. காணும் பொங்கலன்று ஏற்றிவிட்ட கையோடு அடுத்தவரைப் பார்க்கிறார். மறுசான்றும் உண்டு. ஒரு மாலை, கயிறு பிடித்தவருக்குப் போன் வந்தது. ஏலச்சீட்டு விஷயமாக மைத்துனருடன் பேச்சு முற்றி, அவர் பின்னால் பார்க்கவே மறந்துவிட்டார். குதிரையும் வழக்கமான இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஏறியிருந்த பையன் அன்று பெற்ற தூரத்தைக் கடற்கரை வெகுநாளாகக் கண்டதில்லை.

இன்னொன்று. இருட்டியதும் குதிரைக்காரர் தாமே ஏறி வீட்டுக்குப் புறப்படுகிறார். அப்போது வழக்கமாகத் திரும்பும் அதே இடத்தைக் குதிரை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து போகிறது. நிகண்டுகள் மயூரகதி, வானரகதி என்றெல்லாம் குதிரைக்கு ஐந்து கதி சொல்கின்றன. வீட்டில் கொள்ளு ஊறுகிறது என்று தெரிந்த குதிரையின் கதியை ஆறாவதாகச் சேர்க்க வேண்டுமென்று பரிந்துரைக்கிறேன்.

இம்முடிவைப் பிற இடங்களிலும் சரிபார்த்தாயிற்று. கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர். வட்டப் பாதையில் நேராகப் போனாலே ஏறிய இடம் வந்துவிடும், திரும்பவே வேண்டாம். அங்கேயும் குதிரை கொஞ்ச தூரத்தில் திரும்புகிறது. வட்டத்துக்கும் முனை உண்டு என்று நிறுவிய பெருமை கொடைக்கானல் குதிரைக்கு உரியது. இதற்கு நேர்மாறாக, சென்னைத் தீவுத்திடல் அருகே தாமஸ் மன்றோவைச் சுமந்து 1839 முதல் நிற்கும் வெண்கலக் குதிரை ஒரு முறைகூடத் திரும்பியதில்லை. அந்தச் சிலையில் சேணமும் அங்கவடியும் இல்லை என்பதை வழிகாட்டிகள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கயிறு பிடிக்க ஆளில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. திரும்பாததற்குக் காரணம் அதுவே.

கயிறு என்பது சின்ன விஷயமில்லை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமானே குதிரைச் சேவகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைத்த கதையில், கயிறு மாற்றிக் கொடுக்கும் சடங்கு ஒன்று வரும். கயிறு மாறிவிட்டால் குதிரை வாங்கியவருடையது, அப்புறம் என்ன ஆனாலும் விற்றவரைக் கேட்கக் கூடாது. இரவில் அவை மறுபடி நரியாகி ஊளையிட்டபோது அரசன் பாடு திண்டாட்டமானது அதனால்தான். மெரினாவில் உங்கள் கையில் தருவது கடிவாள வாரை மட்டும். கயிறு அவர் கையிலேயே இருக்கிறது.

குதிரையின் திறமை பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1974இல் சட்டம் கொண்டுவந்தது. குதிரைப் பந்தயம் குருட்டு அதிர்ஷ்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓடும் திறமைக்கு அங்கீகாரம் ஆயிற்று. திரும்பும் திறமைக்கு வழக்குப் போட இன்னும் யாரும் முன்வரவில்லை.

ஆய்வு முறைக்குப் பொருந்தாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குதிரையை வைத்துக் காப்பாற்றுவது, அதன் மேல் ஏறுவதைவிட ஆயிரம் மடங்கு கஷ்டம். குப்பத்துச் சந்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டிருக்கும் அந்தப் பிராணி வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும். குழாயில் தண்ணீர் வராத நாளிலும் குடிக்கும். வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்குப் போடும் சாணம் இருபது கிலோ வரை வரும், அள்ளுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். குளம்பு நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை சீவி லாடம் அடிக்க வேண்டும். இரைப்பை உடம்புக்குப் பொருந்தாத அளவில் சிறியது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்னக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. எந்த மணலிலும் திரும்பத் தெரிந்த குதிரைக்குத் தின்றதைத் திருப்பத் தெரியாது. அன்போடு நீட்டும் மிளகாய் பஜ்ஜி உள்ளே போனால் போனதுதான், வயிற்று வலி வந்து உருண்டு புரண்டு செத்துப்போன குதிரைகள் உண்டு. இவ்வளவையும் சமாளிப்பவர் பின்னால் திரும்பி அடுத்த ஆளைப் பார்ப்பதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடற்கரையில் குதிரைகளுக்கென்று நிழலும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைக்காத அதிகாரிகளைக் குற்றம் சொல்ல மனம் தாராளமாக வருகிறது.

ஆகவே தீர்ப்பு: மெரினாக் குதிரை திரும்புமிடம் மணலில் இல்லை, குதிரைக்காரரின் கழுத்தில் இருக்கிறது. கூடுதல் தூரம் வேண்டுவோர் கடிவாளத்தை இழுத்துப் பிரயோசனமில்லை. கூட்டமில்லாத நாளாகப் பார்த்து ஏறுங்கள், கயிறு பிடிப்பவரிடம் அவர் ஊர், பிள்ளைகள் படிப்பு என்று ஏதாவது கேட்டுப் பேச்சை வளர்த்துக்கொண்டே போங்கள். குதிரைக்கு பஜ்ஜி கொடுக்காதீர்கள். போட்டோ எடுப்பதானால் போகும்போதே எடுத்துவிடுங்கள். வரும்போது அது நிற்காது.